தேவதைக் கதை வளர்த்த காதல்

மாயமும் காதலும் கேலியும் கலந்து இளவயதினருக்காக இன்று எழுதப்படும் நாவல்களின் பூர்வீகம், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் பிரபு குலப் பெண்கள் கூடிப் பேசிய வரவேற்பறை. அங்கே கதை சொல்வது பொழுதுபோக்கு, கொஞ்சம் போட்டியும்கூட. செவிலியரிடம் கேட்ட நாட்டுப்புறக் கதையை எடுத்து, அரண்மனை நாகரிகமும் நையாண்டியும் ஏற்றி, அப்போதுதான் தோன்றியதுபோல் சொல்ல வேண்டும். வெர்சாய் அரண்மனைப் பெண்களிடம் இந்த வழக்கம் இருந்ததை மதாம் த செவின்யே 1677இல் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார்.

வாய்வழி வந்ததை அச்சுக்குக் கொண்டுபோனவர் மதாம் தோனுவா. 1690இல் வெளியான அவருடைய 'இப்போலித்' நாவலுக்குள் மகிழ்ச்சித் தீவைப் பற்றிய கதையொன்று வருகிறது. பிரெஞ்சு இலக்கியத்தின் முதல் தேவதைக் கதையாக அதையே கருதுகிறார்கள். 1697இல் அவருடைய கதைத் தொகுப்பு வந்தது. அதே ஆண்டில் ஷார்ல் பெரோவின் எட்டு உரைநடைக் கதைகளும் வந்தன. சிண்ட்ரெல்லாவின் புண்ணியத்தில் உலகப் புகழ் பெரோவுக்குப் போய்விட்டது. ஆனால் காதலர் இருவரை நடுவில் நிறுத்தி, தேவதைகளையே கிண்டல் செய்துகொண்டு, கதையை நீட்டி வளர்க்கும் பாணி தோனுவாவுடையது.

அவருடைய 'நீலப் பறவை' இதற்கு நல்ல சான்று. இளவரசி ஃப்ளோரினை மாற்றாந்தாய் கோபுரத்தில் அடைக்கிறாள். தன் சொந்த மகளை மன்னன் தலையில் கட்டப் பார்க்கிறாள். முகமெல்லாம் மீன் புள்ளி விழுந்த அந்தப் பெண்ணை மன்னன் மறுக்க, அவளுடைய ஞானத்தாயான தேவதை அவனை ஏழு ஆண்டுகள் நீலப் பறவையாகத் திரியும்படி சபிக்கிறாள். பறவையானாலும் காதலன் காதலன்தான்: இரவில் கோபுர ஜன்னலுக்கு நகைகளைக் கொத்திக்கொண்டு வருகிறான்.

கோபுரமும் பிடிக்காத மாப்பிள்ளையும் இந்தக் கதைகளை எழுதிய பெண்களுக்கு வெறும் கற்பனை அல்ல. தோனுவாவை ஏறக்குறைய 15 வயதில், அவரைவிட முப்பது வயது மூத்த பரோன் ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். 1669இல் அந்தக் கணவர்மேல் ராஜத்துரோகப் பழி விழுந்தது. அது ஜோடிக்கப்பட்டது என்று தெரிந்ததும் பழி சுமத்தியவர்களில் இருவருக்கு மரண தண்டனை கிடைத்தது. சதியில் தொடர்புடைய தோனுவாவின் தாய் நாட்டை விட்டே ஓடினார். இன்னொரு கதாசிரியரான லா ஃபோர்ஸ் செய்துகொண்ட காதல் திருமணத்தை மாப்பிள்ளை வீட்டார் வழக்காடி ரத்து செய்தார்கள். கோபுரத்தில் நீண்ட கூந்தலோடு சிறைப்பட்ட 'பெர்சினெத்' அவர் எழுதியது. கிரிம் சகோதரர்களின் ராபுன்செலுக்கு மூலம் அதுதான். யாரை மணப்பது என்று ஒரு பெண் சொல்ல முடியாத நாட்டில், அதைப் பேசுவதற்கு மந்திரக்கோல் வசதியான திரையாக இருந்தது.

1740இல் மதாம் த வில்னேவ் எழுதிய 'அழகியும் மிருகமும்' நூறு பக்கங்களுக்கு மேல் ஓடும், பெரியவர்களுக்கான கதை. அதில் மிருகம் ஒவ்வோர் இரவும் தன்னோடு படுக்கச் சம்மதமா என்று அழகியைக் கேட்கிறது. அவள் மறுத்தால் விலகிப் போய்விடுகிறது. லண்டனில் பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த லெப்ரான்ஸ் த போமோன் இதைச் சில பக்கங்களாகச் சுருக்கி, 1756இல் சிறுமியருக்கான தம் நூலில் சேர்த்தார். படுக்கைக் கேள்வி திருமணக் கேள்வியானது. பழைய கதையின் விரிவும் வேடிக்கையும் இதில் போயின. ஆனால் மாயக் காதல் கதை இளம்பெண்களின் கைக்கு வந்ததில் இந்தக் கத்தரிக்குப் பெரிய பங்கு உண்டு.

1785 முதல் 1789 வரை 41 தொகுதிகளாக இத்தகைய கதைகள் ஒன்றாக அச்சாயின. பிறகு சிரிப்பைக் காப்பாற்றியவர்கள் ஆங்கிலேயர். நாடக ஆசிரியர் பிளான்ஷே தோனுவாவின் கதைகளை லண்டன் மேடையில் கூத்தும் பாட்டுமாக்கினார். தாக்கரே 1854 கிறிஸ்துமஸை ஒட்டி வெளியிட்ட 'ரோஜாவும் மோதிரமும்' இன்றைய நாவல்களுக்கு இன்னும் நெருக்கமானது: மாய மோதிரத்தை அணிந்தவர் யாரானாலும் பார்ப்பவருக்கு அழகாகத் தெரிவார். கழற்றினால் காதலும் ஆட்டம் காணும். கதாநாயகிக்குத் தேவதை தரும் ஞானஸ்நான வரம் கொஞ்சம் துரதிர்ஷ்டம்!

இளவயதினருக்கெனத் தனி நூலக அலமாரி அமைந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அமெரிக்க நூலகச் சங்கம் அதற்கான தனிப் பிரிவை 1957இல் தொடங்கியது. ராபின் மெக்கின்லி 1978இல் 'பியூட்டி' என்ற நாவலில் அழகியின் கதைக்குப் பழைய நீளத்தைத் திருப்பித் தந்தார். டயானா வின் ஜோன்ஸின் 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' 1986இல் வந்தது. தொப்பிக் கடைப் பெண் சோஃபியை ஒரு சூனியக்காரி கிழவியாக்கிவிடுகிறாள். அழகு போனதும் அவளுக்கு வாய்த்துடுக்கு வந்துவிடுகிறது. கர்வம் பிடித்த மந்திரவாதியோடு அவள் போடும் சண்டைதான் காதலாக முற்றுகிறது. 1997இல் கெயில் கார்சன் லெவின் எழுதிய 'எல்லா என்சாண்டட்' சிண்ட்ரெல்லாவை எடுத்துக்கொண்டு, அவள் ஏன் இவ்வளவு அடங்கிப் போகிறாள் என்று காரணம் தேடுகிறது. யார் எதைச் சொன்னாலும் கீழ்ப்படிய வேண்டும் என்பது தேவதை தந்த வரம். இளவரசனை அவள் காதலிக்கிறாள். அவனும் மணந்துகொள்ளச் சொல்கிறான். மணந்தால் அந்த வரமே அவனுக்கு ஆபத்தாகும் என்பதால் முடியாது என்கிறாள். அந்த மறுப்பில் மந்திரம் முறிகிறது. அதன் பிறகு தன் விருப்பத்தோடு அவனை மணக்கிறாள்.