பாதியில் நிறுத்தும் உரிமை

எங்கள் வீட்டுக்கு டிவி கேம் வந்தது 1992ஆம் ஆண்டு. அண்ணனுக்காக வந்தது. ஹாலில் இருந்த ஒரே தொலைக்காட்சியில் அதை மாட்டினார்கள். அண்ணனும் சித்தப்பா பிள்ளைகளும் மரியோவும் கான்ட்ராவும் ஆடினார்கள். எனக்கும் முறை வரும். ஆனால் என் முறை வரும் நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து அம்மாவின் குரலும் வரும். "தண்ணி வந்துருச்சு, குடத்தை எடுத்துட்டு வா." குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால் கன்ட்ரோலர் வேறொருவன் கையில் இருக்கும், என் ஆட்டம் முடிந்திருக்கும். அந்த மலிவு கார்ட்ரிட்ஜ்களில் எதையும் சேமித்து வைக்க வழி கிடையாது. ஆடினால் ஒரே மூச்சில் ஆட வேண்டும். ஒரே மூச்சில் எதையாவது செய்து முடிக்கும் நேரம் அந்த வீட்டில் ஆண்பிள்ளைகளிடம் மட்டுமே இருந்தது.

வீடியோ கேம்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படங்கள் எப்படி அழகாயின, இயந்திரங்கள் எப்படி வேகமாயின என்று எழுதுகிறார்கள். இருபது வருடமாக இந்த விளையாட்டுகளை ஆடிவரும் எனக்கு அந்த வரலாறு வேறொரு இடத்தில் தொடங்குகிறது. ஓர் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடர முடியும் என்ற வசதி வந்த இடம் அது.

நான் ஆடுவது ரோல் பிளேயிங் வகை. ஒரு பாத்திரமாகி ஊர் ஊராகப் போவோம். மக்களிடம் பேசுவோம், துணைக்கு ஆள் சேர்ப்போம், மெல்ல மெல்ல வலுப்பெறுவோம். நாவல் வாசிப்பது போல ஒரு கதை முடிய முப்பது, நாற்பது மணி நேரம்கூட ஆகும். எவராலும் ஒரே அமர்வில் முடிக்க முடியாது. ஆக, ஆடியதைச் சேமிப்பது எப்படி என்ற கேள்வி இந்த வகையோடு சேர்ந்தே பிறந்தது. 1986இல் ஜப்பானில் ஃபேமிகாம் கன்சோலுக்கு வந்த டிராகன் குவெஸ்ட் இதற்கு ஒரு மந்திரம் வைத்திருந்தது. ஆட்டத்தை நிறுத்தும்போது இருபது ஜப்பானிய எழுத்துகளைத் திரை காட்டும். தாளில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதையே உள்ளிட வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் போயிற்று. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் அது ஐம்பத்திரண்டு எழுத்துகள் வரை நீண்டது. பிறகு கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே காசு அளவில் ஒரு பேட்டரியை வைத்தார்கள். மின்சாரம் நின்றாலும் அந்தச் சிறு பேட்டரி நினைவை உயிரோடு வைத்திருந்தது.

அப்படிப் பேட்டரி வைத்த இரண்டு ஆட்டங்கள் 1987 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தன. 18ஆம் தேதி ஸ்கொயர் நிறுவனத்தின் ஃபைனல் ஃபேண்டஸி. இரண்டே நாள் கழித்து, 20ஆம் தேதி, சேகா நிறுவனத்தின் ஃபேண்டஸி ஸ்டார். இரண்டும் பிற்காலத்தில் நெடுந்தொடர்களாக வளர்ந்தன. இரண்டிலும் ஆரம்பத்திலேயே ஒரு பெண்ணின் கை இருந்தது.

ஃபைனல் ஃபேண்டஸியின் சிறு உருவங்களை வரைந்தவர் கஸுகோ ஷிபுயா. நடந்து போகும் ஓர் ஆளை அந்தக் கன்சோலில் பதினாறுக்குப் பதினாறு கட்டங்களுக்குள், மூன்றே வண்ணங்களில் வரைய வேண்டும். ஒரே ஒரு கட்டம் இடம் மாறினால் முகம் மாறிவிடும். ஜப்பானியர் இக்கலையை 'புள்ளிப் படம்' என்று பொருள்படும் சொல்லால்தான் அழைக்கிறார்கள். மார்கழி விடியலில் புள்ளி வைத்துப் பழகிய கைகளுக்கு அந்த உழைப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஃபேண்டஸி ஸ்டாரின் ஓவியப் பணியை முன்னின்று செய்தவர் ரியெகோ கொடாமா. 1963இல் பிறந்தவர், 1984இல் சேகாவில் சேர்ந்தவர். ஃபேண்டஸி ஸ்டார் வெளியானபோது அவருக்கு 24 வயது. ஆனால் அந்த ஆட்டத்தின் பணியாளர் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. அங்கே இருப்பது 'ஃபீனிக்ஸ் ரீ' என்ற புனைபெயர். போட்டி நிறுவனங்கள் திறமைசாலிகளைக் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது என்று அன்றைய ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் தம் ஊழியர்களைப் புனைபெயருக்குள் வைத்திருந்தன. ஆண்களுக்கும் இதே கதிதான். என்றாலும் விளைவு ஒன்றாக இல்லை. பெயர் மறைந்த ஆணை, 'யாரோ ஓர் ஆண் செய்திருப்பார்' என்று உலகம் சரியாகவே ஊகித்துக்கொண்டது. பெயர் மறைந்த பெண்ணையும் அப்படியே ஊகித்தது. 'பெண்கள் இந்தத் துறைக்குப் பின்னால் வந்தவர்கள்' என்ற பேச்சுக்கு அந்த ஊகமே அடித்தளம். என் துறையிலும் இதன் சாயலை அறிவேன். இயற்பெயர் தெரியாத சங்கப் புலவர்களைப் பாட்டில் வரும் தொடரைக் கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்பதுபோல் அழைக்கிறோம். பெயர் போன பிறகு அவர் ஆணா பெண்ணா என்று கேட்பதற்குக்கூட நாம் பயிற்றுவிக்கப்படவில்லை.

கொடாமா தொடக்கத்தில் பணியாற்றிய ஆட்டங்களில் ஒன்று 1985இல் விளையாட்டுக் கூடங்களுக்காக வந்த நிஞ்ஜா பிரின்சஸ். அதில் ஆயுதம் ஏந்திப் போரிடுபவள் ஓர் இளவரசி. மறு ஆண்டு அதை வீட்டுக் கன்சோலுக்கு மாற்றியபோது இளவரசியை எடுத்துவிட்டு ஆண் நிஞ்ஜா ஒருவனை வைத்தார்கள். தலைப்பிலிருந்தும் இளவரசி காணாமல் போனாள். 1988இல் வந்த டிராகன் குவெஸ்ட் மூன்றாம் பாகத்தில் நாயகனை ஆணாகவோ பெண்ணாகவோ தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இரண்டுக்கும் திரையில் நடப்பது ஒரே உருவம்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஃபேண்டஸி ஸ்டாரை வைத்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

அதன் நாயகி அலிஸ். கொடுங்கோலன் லாசிக்கின் காவலர்கள் அவளுடைய அண்ணன் நீரோவை அடித்துத் தெருவில் போடுகிறார்கள். அண்ணன் அவள் கண்முன்னே சாகிறான். அழுது முடித்தவுடன் அவள் கிளம்புகிறாள். மூன்று கோள்கள், அவற்றின் அடியில் இருண்ட பாதாளங்கள். அவள் துணைக்குச் சேர்க்கும் ஆட்களில் ஒருவன் ஓடின் என்னும் மாவீரன். அவன் மெடுசாவால் கல்லாக்கப்பட்டுக் குகையில் நிற்கிறான். கல்லான ஆணை ஒரு பெண் வந்து உயிர்ப்பிக்கிறாள். கால் பட்டுக் கல் பெண்ணான கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இந்தக் காட்சி வந்தபோது வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

நான் அலிஸைச் சந்தித்தது அவள் பிறந்து இருபது வருடம் கழித்து. முனைவர் பட்ட ஆய்வின் நடுவில் இருந்தேன். மகளுக்கு ஒன்றரை வயது. சிங்கப்பூரில் வேலை பார்த்த உறவுக்காரப் பையன் ஊர் வந்தபோது, தனக்கு அலுத்துப்போன ஒரு கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பியை விட்டுப் போனான். டப்பா போல மடித்து மூடலாம், திரைக்கு உள்விளக்கு உண்டு. ஃபேண்டஸி ஸ்டாரின் முதல் மூன்று பாகங்களும் அடங்கிய கார்ட்ரிட்ஜ் அதில் செருகியபடியே இருந்தது.

கன்சோலுக்குத் தொலைக்காட்சி வேண்டும். தொலைக்காட்சி ஹாலில் இருக்கும். ஹால் மாமனாரின் செய்திகளுக்கும் மற்றவர்களின் கிரிக்கெட்டுக்கும் உரியது. கையடக்கக் கருவிக்கு இந்த அனுமதி எதுவும் தேவையில்லை. தலையணைக்கு அடியில் இருக்கும், விளக்கணைத்த பிறகும் ஒளிரும். 1989இல் வந்த முதல் கருவிக்குக் கேம் 'பாய்' என்று பெயர் வைத்தவர்கள் என்னைப் போன்ற ஒருத்தியை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். அந்தக் குடும்பத்துக் கருவிகளுக்கு வந்த போக்கிமான் வரிசையில் பெண்ணாக ஆடுவதற்கே 2000ஆம் ஆண்டின் கிரிஸ்டல் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் சாதி பார்க்காத பேருந்து போல, கருவி தன்னில் ஏறியவளை இறக்கிவிடவில்லை.

மகள் தூங்கியபின், பாத்திரம் கழுவிக் கவிழ்த்தபின், இரவு பதினொன்றுக்கு மேல் அலிஸோடு பாதாளத்தில் இறங்குவேன். ஃபேண்டஸி ஸ்டாரின் பாதாளங்களில் வரைபடம் கிடையாது. நான்கு பக்கமும் ஒரே மாதிரிச் சுவர். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு கட்டம் என்று வரைந்தேன். நோட்டின் முன்பக்கத்தில் ஆய்வுக் குறிப்புகள், பின்பக்கத்தில் பாதாளங்கள். குழந்தை சிணுங்கினால் சண்டையை முடித்து, மெனுவைத் திறந்து, சேமித்து, மூடிவிட்டு எழுவேன். சண்டை நடக்காத எந்த நேரத்திலும் அதில் சேமிக்கலாம். ஃபைனல் ஃபேண்டஸியின் முதல் பதிப்பில் விடுதியில் படுத்தாலோ வெளியில் கூடாரம் போட்டாலோதான் சேமிக்க முடியும். அந்த வேறுபாடு எனக்குத் தொழில்நுட்ப விவரமாகப் படவில்லை. ஒன்று, 'உன் வேலையை முடித்துவிட்டு வா, இங்கேயே இருக்கிறேன்' என்றது. இன்னொன்று, 'பாதியில் எழுந்தால் நான் பொறுப்பில்லை' என்றது. வீட்டில் எல்லோரும் இரண்டாவதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் மாமியார் பார்த்துவிட்டார். "ஏம்மா, சின்னப் பிள்ளை வெளாட்டுச் சாமானை வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க என்ன பண்ற?" என்றார். வெட்கமாக இருந்தது. "கதைதான் அத்தை. அண்ணனைக் கொன்னவனைத் தேடிப் போற பொண்ணோட கதை" என்றேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, தலை நிமிராமல் கேட்டார்: "அந்தப் பொண்ணு அவனைப் புடிச்சுட்டாளா?" "இன்னும் இல்ல அத்தை." "பொறுமையாப் போகச் சொல்லு" என்றார். தனக்கென்று ஒரு மணி நேரத்தை அவர் எந்த வயதில் எடுத்துக்கொண்டார் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாகச் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. கொடாமாவும் பணியாற்றிய ஃபேண்டஸி ஸ்டார் இரண்டாம் பாகத்தில், 1989இல், நாயகனாக ஓர் ஆண் திரும்பினான். அவனோடு வரும் நேய் என்ற பெண் கதையின் பாதியிலேயே சாகிறாள். ஆட்டக்காரர்கள் இன்றும் அதை எண்ணி வருந்துகிறார்கள். 1997இல் ஃபைனல் ஃபேண்டஸி ஏழாம் பாகத்தில் ஏரித்தும் அப்படியே சாகிறாள். ஆணின் பயணத்துக்குக் கனம் சேர்க்கப் பெண்ணைக் கொல்வது நம் சினிமாவுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. வாள் அவனுக்கு, மருந்து அவளுக்கு என்று சண்டைக்குள்ளேயே வேலையைப் பிரித்துக் கொடுத்த ஆட்டங்களும் ஏராளம். பகலெல்லாம் செய்த அதே பணிவிடையை இரவில் ஒரு மந்திரக்காரியாக அமர்ந்து மீண்டும் செய்திருக்கிறேன். அலுத்துப் போய், அவள் கையில் கோடரியைக் கொடுத்துத் தோற்றும் இருக்கிறேன். படைப்பில் ஒரு பெண் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் வயது எனக்குக் கடந்துவிட்டது. ஆனால் அவள் இருந்தாள் என்பதை எழுதி வைக்காவிட்டால், அவள் எதைச் செய்தாள், எதைச் செய்ய விடவில்லை என்ற கேள்வியையே எழுப்ப முடியாது.

கொடாமா நிலைத்து நின்றார். 1993இல் நான்காம் பாகத்தை இயக்கினார். 2000இல் ஸ்கைஸ் ஆஃப் ஆர்கேடியா என்ற ஆட்டத்தைத் தயாரித்தார். 2018இல் சேகா தன் பழைய ஆட்டங்களை நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்குப் புதுப்பித்த வரிசையின் முதன்மைத் தயாரிப்பாளராக இருந்து, தன் முதல் ஃபேண்டஸி ஸ்டாரையே மறுபடி கொண்டுவந்தார். இந்த முறை பாதாளங்களில் நாம் நடக்க நடக்க வரைபடம் தானாக விரிகிறது. 2019இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் அவருக்கு முன்னோடி விருது கிடைத்தது. ஷிபுயாவின் புள்ளிப் படங்களும் 2018இல் தனிப் புத்தகமாக வந்தன. தாமதம்தான்.

2022 மே மாதம், 58 வயதில், கொடாமா இறந்தார். உலகத்துக்கு அது தெரிந்தது அக்டோபரில். சேகா வெளியிட்ட சிறு நினைவுக் கன்சோல் ஒன்றின் பணியாளர் பட்டியலில் அவருக்கு அஞ்சலி இருந்ததை ஆட்டக்காரர்கள் கவனித்துக் கேட்டார்கள், நிறுவனம் உறுதிப்படுத்தியது. புனைபெயரோடு ஒரு பட்டியலில் தொடங்கியவரின் மரணத்தை, சொந்தப் பெயரோடு இன்னொரு பட்டியலே அறிவித்தது. பெரும்பாலானவர்கள் பொத்தானை அழுத்திக் கடந்துவிடும் இடம் அது. யாரோ ஒருவர் கடக்காமல் வாசித்திருக்கிறார்.

அன்று முதல் நானும் கடப்பதில்லை. மகள் இப்போது என்னைவிட வேகமாக ஆடுகிறாள். ஆட்டம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கினால் "இரு, வாசிச்சிட்டு எழுந்திரு" என்பேன். ஜப்பானியப் பெயர்களில் எது பெண் பெயர் என்று எங்கள் இருவருக்கும் முழுதாகத் தெரியாது. தெரிந்த வரை எண்ணுகிறோம். போன வாரம் ஒரு நீண்ட பட்டியல் ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். நான் எழப் போனேன். மகள் திரையை நிறுத்தினாள். "போயிட்டு வாம்மா. அப்படியே வச்சிருக்கேன்" என்றாள்.