கையெழுத்துப் போட வராத கதாசிரியர்கள்

வெளிநாடுகளில் ஒரு காமிக்ஸ் புத்தகம் வெளியானால், அதன் கதாசிரியர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார். இன்று ஒரு ஊர்க் கடை, நாளை அடுத்த ஊர்க் கடை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நாலைந்து பேனா. எதிரே நீளமாக ஒரு வரிசை. வருபவரின் பெயரைக் கேட்டு, எழுத்து சரிதானா என்று இன்னொரு தடவை கேட்டு, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கை வலிக்கும், ஆனால் முகத்தில் சிரிப்பு மாறக்கூடாது!

நம்ம சேலம், நாமக்கல் பக்கம் காமிக்ஸ் படித்தவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. 1972லிருந்து இரண்டு தலைமுறை படித்திருக்கிறது. ஆனால் அவர்கள் ரசித்த கதைகளை எழுதியவர்கள் யாரும் இந்தப் பக்கம் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்ததில்லை. வருவது இருக்கட்டும், அவர்கள் பெயரே நமக்குத் தெரியாது. ஏன் தெரியாமல் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் ஆதங்கம்.

புத்தகம் வந்தது, ஆள் வரவில்லை

தமிழ் காமிக்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் ஊர் சிவகாசி. 1972ல் மு. சௌந்தரபாண்டியன் அங்கே முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழே "இரும்புக்கை மாயாவி". ஆரம்ப கால ஆசிரியர் முல்லை தங்கராசன். அடுத்து 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 17! முதல் இதழ் "கத்தி முனையில் மாடஸ்டி". அதே 1984 ஜூலை 1ம் தேதி தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வெளிவந்தது. விலை ஒன்றரை ரூபாய், ஆசிரியர் அ.மா.சாமி, முதல் இதழ் ஜேம்ஸ்பாண்ட் சாகசமான "அழகியைத் தேடி". ஒரே மாதத்தில் இரண்டு புதிய காமிக்ஸ் என்றால் அன்றைய பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிவகாசியிலிருந்து சேலத்துக்கு வரும் வழியைக் கொஞ்சம் கவனியுங்கள். விருதுநகர் வந்து நெடுஞ்சாலையைப் பிடித்தால் மதுரை, திண்டுக்கல், கரூர், பரமத்தி வேலூரில் காவிரிப் பாலம், நாமக்கல், ராசிபுரம் பக்கம், அப்புறம் சேலம். முன்பு என்.எச். 7, இப்போது 44. ஒரு எழுத்தாளரைச் சுற்றுப்பயணம் அனுப்ப வேண்டும் என்றால் இதைவிட வசதியான பாதை கிடையாது. சாலை நெடுகிலும் வாசகர்கள் இருந்தார்கள். ஆனால் ஊர் ஊராக வந்ததெல்லாம் புத்தகக் கட்டுகள் மட்டுமே.

சேலம் வாசகர்களுக்கு இந்த ரசனை புதிதும் அல்ல. மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர் இது. "இரு வல்லவர்கள்", "வல்லவன் ஒருவன்", "சி.ஐ.டி. சங்கர்" என்று ஜெய்சங்கரை வைத்துத் துப்பறியும் படங்களை ஏற்காடு ரோட்டிலிருந்தே எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். துப்பாக்கி, மாறுவேடம், ரகசிய அறை எல்லாம் சினிமாவில் பார்த்துப் பழகியவர்களுக்கு அதே சமாச்சாரம் கையடக்கப் புத்தகமாகக் கிடைத்தால் விடுவார்களா?

எங்கள் சித்தப்பா ஒருவர் பழைய காமிக்ஸ்களை ட்ரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர். எந்தக் கதையில் வில்லன் எப்படிச் செத்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். "மாயாவி கதையை எழுதுனது யாரு சித்தப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முத்து காமிக்ஸ்காரங்கதான்" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த விஷயத்தில் லண்டன் பையன்களின் நிலைமையும் இதேதான். எப்படி என்று பார்ப்போம்.

மாயாவியை எழுதியவர்

இரும்புக்கை மாயாவி முதலில் வெளிவந்தது 1962ல், இங்கிலாந்தின் "வேலியண்ட்" என்ற வாரப் பத்திரிகையில். ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்தவனுக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரியும், மற்றபடி ஆள் மறைந்துவிடுவான். (2012 வாக்கில் நம்ம ஊரில் இருந்த பவர் கட்டில் மாயாவி ரொம்பவே கஷ்டப்பட்டிருப்பார்!) முதலில் எழுதியவர் கென் பல்மர் என்ற விஞ்ஞானக் கதை எழுத்தாளர். தொடர்ந்து எழுதியவர் டாம் டல்லி. படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டுக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ.

இந்த மூன்று பெயரும் அன்றைய ஆங்கிலப் பத்திரிகையில் கிடையாது. எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடாமல் இருப்பதுதான் அங்கே வழக்கம். பெயர் வெளியே தெரிந்தால் போட்டிப் பத்திரிகை ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடலாம், அல்லது அவரே கூடக் கூலி கேட்கலாம். பெயர் இல்லாவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. கதாநாயகனுக்கு வாசகர் கடிதம் குவியும். எழுதியவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் போய்ச் சேரும், அத்தோடு கணக்கு முடிந்தது. 1977ல் தொடங்கிய "2000 ஏடி" பத்திரிகையில் கெவின் ஓ'நீல் என்ற ஓவியர் முயற்சி எடுத்துப் பெயர்களை அச்சிட ஆரம்பித்த பிறகுதான் அங்கே நிலைமை மாறத் தொடங்கியது.

ஆக, ஆங்கிலத்திலேயே இல்லாத பெயர் தமிழில் மட்டும் எங்கிருந்து வரும்?

ஸ்பைடரும் சூப்பர்மேனும்

இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோது என்னை உலுக்கிய விஷயம் இதுதான். லயன் காமிக்ஸ் தொடங்கிய சிறிது காலத்திலேயே அதில் வந்து சக்கைப்போடு போட்டவர் ஸ்பைடர். காது கூர்மையாக, வலைத் துப்பாக்கியோடு வரும் குற்றச் சக்கரவர்த்தி. அமெரிக்க ஸ்பைடர்மேனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர் வேறு. 1965ல் இங்கிலாந்தின் "லயன்" பத்திரிகையில் டெட் கோவன் இவரை உருவாக்கினார், ஓவியர் ரெக் பன். அதன் பிறகு வந்த பல கதைகளை எழுதியவர் ஜெர்ரி சீகல்.

சீகல் யார்? சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்!

1938ல் சீகலும் அவருடைய நண்பர் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து மொத்தமே அவ்வளவுதான். சூப்பர்மேன் கோடிகளைக் குவித்தார். உரிமை கேட்டு வழக்குப் போட்டவர்களுக்கு வேலை போனது, கதைகளிலிருந்து அவர்கள் பெயரும் போனது. அந்த மாதிரிக் காலத்தில்தான் சீகல் இங்கிலாந்துப் பத்திரிகைக்கு, பெயர் இல்லாமல், ஸ்பைடர் எழுதினார். 1970களில் அவர் கலிஃபோர்னியாவில் சாதாரண டைப்பிஸ்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்மேன் சினிமா எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 1975ல் தன் கதையைப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பினார். அதன் பிறகுதான் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், சூப்பர்மேன் கதைகளில் அவர்கள் பெயரும் கிடைத்தன.

சீகல் இறந்தது 1996ல். அதாவது நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு பையன் ஸ்பைடர் புத்தகத்துக்குக் காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த 1984ல், அதை எழுதிய மனிதர் உயிரோடு இருந்தார். வயது கிட்டத்தட்ட 70. அந்தப் பையனுக்குச் சூப்பர்மேனையும் தெரியும், ஸ்பைடரையும் தெரியும். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கை என்று அவனுக்குச் சொல்ல அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை.

கடையில் மேஜைக்கு இடமில்லை

பெயர் தெரியாதது ஒரு காரணம். விற்ற விதம் இன்னொன்று. அமெரிக்காவில் 1970களிலிருந்து காமிக்ஸ் மட்டுமே விற்கும் கடைகள் பெருகின. 1970ல் சான்டியாகோவில் காமிக்ஸ் திருவிழா தொடங்கியது, 1974ல் பிரான்ஸின் அங்கூலேமில் தொடங்கியது. எழுத்தாளர் வந்து உட்கார இடம் இருந்தது. நமக்குக் காமிக்ஸ் கிடைத்தது பேப்பர் ஏஜெண்டிடமும், பெட்டிக்கடையிலும், பஸ் ஸ்டாண்டிலும். கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் புத்தகத்தை பஸ் கிளம்புவதற்குள் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்தக் கடையில் கடைக்காரர் உட்காரவே இடம் போதாது!

அந்த இடைவெளியை நம்மவர்கள் வேறு விதமாக நிரப்பினார்கள். லயன், முத்து இதழ்களில் ஆசிரியர் விஜயன் வாசகர்களிடம் நேரடியாகப் பேசினார். அடுத்து என்ன வருகிறது, ஏன் தாமதம், எந்தக் கதை சொதப்பியது என்று வீட்டு ஆள் மாதிரி எழுதினார். "சிங்கத்தின் சிறுவயதில்" என்று லயன் பிறந்த கதையைத் தொடராகவே எழுதியிருக்கிறார். கதாசிரியர் யார் என்று தெரியாத வாசகர்கள் ஆசிரியரோடு உறவு வைத்துக்கொண்டார்கள். தமிழ் காமிக்ஸில் வாசகர்கள் தேடிப் போகும் ஆள் ஆசிரியர்தான் என்று ஆனது இப்படித்தான்.

இதன் பலனைப் பக்கத்து ஊரிலேயே பார்க்கலாம். 2005ல் மக்கள் சிந்தனைப் பேரவை ஈரோட்டில் புத்தகத் திருவிழாவைத் தொடங்கியது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் அந்தத் திருவிழாவை ஒட்டி 2010களில் லயன், முத்து வாசகர்களின் சந்திப்பு நடக்க ஆரம்பித்தது. சேலத்திலிருந்து 60 கிலோமீட்டர் சொச்சம், சங்ககிரி வழியாகப் போனால் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம். நரை விழுந்தவர்கள் சின்னப் பிள்ளைகளாக மாறும் இடம் அது.

வந்தால் மட்டும் சுகமா?

கையெழுத்துப் பயணம் ஏதோ ராஜவாழ்க்கை என்றும் நினைக்க வேண்டாம். "வாட்ச்மென்" எழுதிய ஆலன் மூர் அமெரிக்காவின் சான்டியாகோ விழாவுக்குப் போனது ஒரே ஒரு தடவை, 1985ல். 1980களின் கடைசியில் இங்கிலாந்து விழாக்களுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். கழிவறை வரைக்கும் துரத்திவந்து கையெழுத்துக் கேட்டால் யார்தான் போவார்கள்?

இன்னொரு சங்கடமும் உண்டு. ஐரோப்பிய விழாக்களில் ஓவியர் கையெழுத்தோடு ஒரு சின்னப் படமும் வரைந்து கொடுப்பார், அதற்காகவே கூட்டம் முண்டியடிக்கும். கதாசிரியரால் பெயரை மட்டும்தான் எழுத முடியும். கதையை யோசித்தவர் அவர்தான், ஆனால் காட்டுவதற்குக் கையில் எதுவும் இல்லை. பெயரும் அச்சில் இல்லாவிட்டால் அவருக்கு மிஞ்சுவது என்ன?

ராசிபுரத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆர்.கே. நாராயண், ஆர்.கே. லக்ஷ்மண் சகோதரர்கள் பெயரில் இருக்கும் முதல் எழுத்து ராசிபுரம்தான். லக்ஷ்மண் ஒவ்வொரு கார்ட்டூனிலும் கையெழுத்துப் போட்டார், பத்திரிகையும் அதை அச்சிட்டது. அதனால் அவர் யார் என்று நாட்டுக்கே தெரியும். ஒரு கையெழுத்து அச்சானால் ஒரு மனிதர் ஊர்ப் பெயரோடு சேர்த்து நினைவில் நிற்கிறார். அச்சாகாவிட்டால் சூப்பர்மேனைப் படைத்தவராக இருந்தாலும் டைப்பிஸ்ட் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

இன்று ஐரோப்பிய ஆல்பங்களின் அட்டையிலேயே கதாசிரியர் பெயர் இருக்கிறது. 2010ல் "இரத்தப் படலம்" 18 பாகங்களும் ஒரே புத்தகமாகத் தமிழில் வந்தபோது, ஜான் வான் ஹாம் என்ற பெல்ஜியக்காரரைப் பெயர் சொல்லிப் பாராட்ட நம் வாசகர்களுக்குத் தெரிந்திருந்தது. நல்ல மாற்றம். ஆனால் இதிலும் ஒரு பாக்கி இருக்கிறது. வில்லன் வாயில் அந்த நக்கலான தமிழை வைத்தது யார்? அந்த நாட்களில் ஸ்டீல் கிளா "இரும்புக்கை மாயாவி" ஆனதே ஒரு படைப்புதான். பழைய இதழ்களில் இந்த வேலையைச் செய்த மொழிபெயர்ப்பாளர்கள் எத்தனை பேரை நமக்குப் பெயர் சொல்லித் தெரியும்?

இப்போது சேலத்திலும் நாமக்கல்லிலும் கூடப் புத்தகக் கண்காட்சிகள் நடக்கின்றன. காமிக்ஸ் கடைப் பக்கம் போனால் புத்தகத்தை வாங்கியதும் கதைக்குத் தாவிவிடாதீர்கள். முதல் பக்கத்தில் எழுதியவர் யார், வரைந்தவர் யார், தமிழில் கொடுத்தவர் யார் என்று ஒரு நிமிடம் தேடுங்கள். இருந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடையில் இருப்பவரிடம் கேளுங்கள். நான் சித்தப்பாவுக்குச் சீகல் கதையைச் சொல்லியாகிவிட்டது. மனிதர் அன்று ராத்திரியே பெட்டியைத் திறந்து, ஸ்பைடர் புத்தகங்களில் எல்லாம் பென்சிலால் "ஜெர்ரி சீகல்" என்று எழுத ஆரம்பித்துவிட்டார். சில கதைகள் டெட் கோவன் எழுதியவை என்று நான் சொல்வதற்குள் பாதிப் பெட்டி முடிந்திருந்தது :-)