ஊரார் காசில் படம் எடுத்தவர்



ஜான் ஆபிரகாம் என்றதும் உங்களில் பலருக்கு இந்தி நடிகர்தான் நினைவுக்கு வருவார். நான் எழுதுவது கேரளத்துக் குட்டநாட்டில் 1937இல் பிறந்த திரைப்பட இயக்குநரைப் பற்றி. எல்.ஐ.சி. வேலையை விட்டுவிட்டு, புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் பாடம் கேட்டவர். நிரந்தர உத்தியோகத்தை உதறிய பிள்ளையைப் பற்றி நம் வீடுகளில் என்ன பேசுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அவர் எடுத்த முழுநீளப் படங்கள் நான்கே. அவற்றில் ஒன்று தமிழ்ப் படம், 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977). திரைக்கதை வெங்கட் சாமிநாதன். பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். தாயை இழந்த கழுதைக் குட்டி ஒன்றை அந்தப் பேராசிரியர் வளர்க்கிறார். கல்லூரியில் கேலி செய்கிறார்கள். தன் ஊர் அக்கிரகாரத்துக்குக் கொண்டுபோனால், அங்கே நடக்கிற கெட்டதுக்கெல்லாம் கழுதைதான் காரணம் என்று அடித்துக் கொல்கிறார்கள். பிறகு ஏதோ நல்லது நடக்கவும், அதே மக்கள் செத்த கழுதைக்குக் கோயில் கட்டக் கிளம்புகிறார்கள்! (கழுதை என்ற சொல்லை வகுப்பில் அதிகம் கேட்டவர்கள் நீங்கள். உங்களுக்குப் படம் சுலபமாகப் புரியும்.)

சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது கிடைத்தது. எதிர்ப்பும் வந்தது. 1989இல் தூர்தர்ஷனில் காட்டுவதாக அறிவித்து, கடைசியில் நிறுத்திவிட்டார்கள். கிறித்தவர் பிராமணர்களைக் கேலி செய்கிறார் என்று குறை சொல்பவர்கள் அவருடைய அடுத்த படத்தையும் பார்க்க வேண்டும். 'செறியாச்சன்டெ குரூரகிருத்தியங்கள்' (1979) அவர் பிறந்த குட்டநாட்டின் கிறித்தவ நிலவுடைமையாளர் ஒருவரின் குற்ற உணர்வைப் பற்றியது. சொந்த வீட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஆனால் ஜானின் உண்மையான துணிச்சல் கதையில் இல்லை, கணக்கில் இருக்கிறது என்பேன். பணம் போடுகிறவர்தான் படத்தில் எது இருக்கலாம், எது கூடாது என்று சொல்கிறார். அப்படியானால் பார்க்கிற மக்களே பணம் போடட்டுமே என்று நினைத்தார். 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு 'ஒடேசா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐசன்ஸ்டைன் படத்தால் புகழ்பெற்ற துறைமுக நகரின் பெயர் அது. ஊர் ஊராகப் போய்ப் பறை தட்டி ஆட்களைக் கூட்டுவார்கள். சாப்ளினின் 'தி கிட்' படத்தைத் திரையிட்டுக் காட்டுவார்கள். முடிந்ததும் துண்டை ஏந்துவது போலத்தான், கொடுத்ததை வாங்கிக்கொள்வார்கள். அந்தச் சில்லறையில் உருவானதுதான் 'அம்ம அறியான்' (1986).

இறந்துபோன தபலாக் கலைஞன் ஒருவனின் தாய்க்குச் சேதி சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சிக்குப் போகிறார்கள். வழியில் ஒவ்வொரு ஊரிலும் அவனை அறிந்த இளைஞர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். அந்தப் பயணமும், பணம் சேர்த்த பயணமும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. படம் முடிந்ததும் தியேட்டர் வியாபாரத்துக்கு விடவில்லை. காசு கொடுத்த மக்களிடமே திரும்ப எடுத்துப்போய்க் காட்டினார்கள். தெருக்கூத்துக்கு ஊர் வரி போடுகிற நமக்கு இது அந்நியமான யோசனை அல்ல; சினிமாவுக்குச் செய்யலாம் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

படங்களில் குறை உண்டு. 'அம்ம அறியான்' சில இடங்களில் நகரவே மாட்டேன் என்கிறது. குடியும் அவரை விடவில்லை. 1987 மே 31 அன்று கோழிக்கோட்டில் கட்டடத்திலிருந்து விழுந்ததில் இறந்தார். வயது 49. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் அழுக்கு ஜிப்பாவையும் குடிக் கதைகளையும் ரசித்து ரசித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. கோழிக்கோட்டில் அந்தச் சில்லறையை யார் எண்ணினார்கள், எந்த நோட்டில் எழுதிவைத்தார்கள் என்று யாராவது சொன்னால் ஆவலோடு கேட்பேன். கேரளத்தில் வேலை பார்க்கும் மாணவர்கள் விசாரித்துச் சொல்லுங்கள்.