கான்ஸ்டன்ஷியா: எஜமானர்களும் திராட்சை பறித்தவர்களும்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்குத் தெற்கே, மலைச்சரிவில் இருக்கிறது க்ரூட் கான்ஸ்டன்ஷியா திராட்சைத் தோட்டம். இங்கே உருவான இனிப்பு ஒயினை இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய அரண்மனைகள் போட்டி போட்டு வாங்கின. செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்த நெப்போலியனுக்கும் அது அனுப்பப்பட்டது. 1811இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் நாவலில், மனம் உடைந்த பெண்ணுக்கு மருந்தாக ஒரு கோப்பை கான்ஸ்டன்ஷியா வருகிறது. இந்தப் புகழின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களைச் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். தோட்டத்தை நிறுவியவர் சைமன் வான் டெர் ஸ்டெல். அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஹென்ட்ரிக் க்ளூட்டே. மண்ணை அறிந்த அறிவும் அவசரப்படாத பொறுமையுமே இவர்களுடைய கொள்கை என்று எழுதுவார்கள். ஆனால் அந்தப் பொறுமைக்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள். அவர்களைப் பின்னணிச் சித்திரமாக ஒதுக்கிவிட்டால், அந்த ஒயின் எப்படி அந்தத் தரத்தை எட்டியது என்பதே விளங்காது.

வான் டெர் ஸ்டெலுக்கு இந்த நிலம் 1685இல் வழங்கப்பட்டது. வழங்கியவர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆணையராகக் கேப்புக்கு வந்த ஹென்ட்ரிக் வான் ரீடே. மலபார் கரையின் தாவரங்களைப் பதிவுசெய்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ என்ற பெருநூலை உருவாக்கியவரும் இவரே. கேப், மலபார், இலங்கை, சோழமண்டலக் கரை எல்லாம் ஒரே வணிக வலையின் கண்ணிகள். அந்த வலைக்குள் மிளகும் துணியும் மட்டும் போகவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சைச் சீமையைப் போரும் பஞ்சமும் வாட்டிய போதெல்லாம், நாகப்பட்டினம், பழவேற்காடு போன்ற துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் பட்டாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக்கும் போனார்கள். ஒரு பகுதியினர் கேப் வரை கொண்டுசெல்லப்பட்டார்கள். 1652க்கும் 1808க்கும் இடையே கேப்பில் இறக்கப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்றும், அவர்களில் ஏறக்குறைய கால் பங்கினர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மற்றவர்கள் மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகளைச் சேர்ந்தவர்கள். ஏடுகளில் இவர்களில் பலருக்குத் தகப்பன் பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. ‘வங்காளத்தான்’, ‘மலபாரான்’, ‘கரைக்காரன்’ என்று, கப்பலேறிய திசையே பெயரின் பின்பாதியாக எழுதப்பட்டது.

க்ளூட்டே 1778இல் தோட்டத்தை வாங்கினார். அவர் கையாண்ட முறையைக் கவனித்தால் என் வாதத்தின் நடுப்புள்ளி தெரியும். மஸ்கட் திராட்சை பழுத்ததும் பறிப்பதில்லை. கொடியிலேயே விட்டு, பாதி உலர்ந்து சுருங்கி, சர்க்கரை திரளும் வரை காத்திருக்க வேண்டும். எல்லாப் பழமும் ஒரே நாளில் அந்தப் பக்குவத்துக்கு வராது. எனவே ஒரே கொடியிடம் திரும்பத் திரும்பப் போய், அழுகியதைக் கழித்து, ஆனதை மட்டும் எடுக்க வேண்டும். அதற்குள் பறவை கொத்தும், பூச்சி அரிக்கும், கேப்பின் தென்கிழக்குக் காற்று உதிர்த்துவிடும். இத்தனைக்குப் பிறகு பிழிந்தால் கிடைக்கும் சாறோ மிகக் குறைவு. கூலி கொடுத்துப் பல வாரங்கள் ஆள் நிறுத்துகிற ஒருவர் இந்த முறையைத் தேர்வதற்கு முன் பலமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பார். கூலியே தராமல் ஆண்டு முழுதும் ஆட்களை வைத்திருந்தவருக்கு அந்தக் கணக்கு மிகவும் இலகுவானது. ஆகவே அடிமை முறை இந்த ஒயினின் அளவைக் கூட்டியதோடு நிற்கவில்லை. அதன் சுவையையும் அதுவே தீர்மானித்தது.

கேப்பில் அடிமைகளை வைத்திருந்த பண்ணைகள் எத்தனையோ இருக்க, கான்ஸ்டன்ஷியா மட்டும் ஏன் தனித்து நின்றது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடற்காற்றால் குளிரும் சரிவுக்கும், ரகத்தைத் தேர்ந்த கண்ணுக்கும், சந்தையை அறிந்த க்ளூட்டேயின் திறமைக்கும் அதில் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தக் குலை பக்குவத்துக்கு வந்தது, எது இன்னும் மூன்று நாள் பொறுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கொடியருகிலும் நின்று முடிவுசெய்தது பறித்த கை. அதுவும் அறிவுதான். ஒரு பருவத்தில் வாய்த்து, அடுத்த பருவத்தில் கூர்மையாகி, பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லித்தரப்படும் அறிவு. எழுதிவைத்தவர் பெயர் நிலைத்தது. செய்தவர் பெயர் சொத்துப் பட்டியலில் மாட்டுக்கும் பீப்பாய்க்கும் அருகே நின்றுபோனது.

இன்னொரு மறுப்பு ஆன்னா டி கோனிங் என்ற பெண்ணைச் சுட்டும். அவருடைய தாய் ஆஞ்செலா, வங்காளத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, 1666இல் பிள்ளைகளோடு விடுதலை பெற்றவர். மகள் ஆன்னா, கணவர் ஓலோஃப் பெர்க் 1724இல் இறந்த பின், 1734இல் தான் சாகும் வரை இதே கான்ஸ்டன்ஷியாவின் உரிமையாளர். அடிமையாகப் பிறந்தவர் எஜமானியாக ஆக முடிந்த சமூகத்தை அவ்வளவு கொடியது எனலாமா? ஆன்னாவின் வாழ்க்கை வியப்புக்குரியது, அதைச் சிறுமைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவருடைய தோட்டத்திலும் அடிமைகளே உழைத்தார்கள். ஒருவர் வெளியேற முடிந்தது. வெளியேறிய வாசல் அவருக்குப் பின்னால் மூடியே கிடந்தது.

அந்தக் காலத்தை இந்தக் கால அளவுகோலால் அளக்கக் கூடாது என்பார்கள். அந்தக் காலத்தவர்களில் அடிமைகளும் அடக்கம் அல்லவா? 1808இல் கேப் டவுனை அடுத்த பண்ணைகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் விடுதலை கேட்டு நகரை நோக்கி அணிவகுத்தார்கள். படையால் அடக்கப்பட்டார்கள். 1834இல் அடிமை முறை ஒழிந்தபோது பிரிட்டன் தன் காலனிகள் அனைத்துக்குமாக ஒதுக்கிய 2 கோடி பவுண்டு இழப்பீடு எஜமானர்களுக்கே போனது. விடுதலையானவர்கள் ‘பயிலுநர்’ என்ற பெயரில் 1838 வரை அதே எஜமானர்களிடம் உழைக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகும் கேப்பின் திராட்சைப் பண்ணைகளில் கூலியின் ஒரு பகுதியை மலிவான ஒயினாகவே ஊற்றிக் கொடுக்கும் ‘டாப்’ வழக்கம் நீடித்தது. சட்டம் தடுத்த பின்னும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பல இடங்களில் அது ஓயவில்லை. தாயின் மதுப்பழக்கத்தால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகில் மிக அதிகமாகப் பதிவாகும் இடங்களில், இந்தத் திராட்சை விளையும் மேற்குக் கேப் மாகாணமும் ஒன்று.