ஆர்.என்.ஏ. இழை வெட்டும் உலோக அயன்களும்: ஒரு கோட்பாட்டின் வரலாறு

1926இல் ஜேம்ஸ் சம்னர் யூரியேசு என்னும் நொதியத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்து, அது புரதமே என வாதிட்டார். அன்று கடும் எதிர்ப்பைச் சந்தித்த அம்முடிபு, காலப்போக்கில் நொதியங்கள் யாவும் புரதங்களே என்ற கோட்பாடாக இறுகியது. புரதம் வினைபுரியும், ஆர்.என்.ஏ. செய்தி சுமக்கும் என்பதே அக்காலம் வகுத்த தொழிற்பிரிவினை. ஒரு கட்டத்தில் முற்போக்காயிருந்த கருத்து அடுத்த கட்டத்தில் தளையாக மாறியமையை நாம் இங்கு காண்கிறோம்.

ஆர்.என்.ஏ.யின் வெல்லத்தில், டி.என்.ஏ.யில் இல்லாத ஓர் ஐதரொட்சில் தொகுதி உண்டு. அதன் ஒட்சிசன் அயலிலுள்ள பொசுபரசைத் தாக்கின் இழை வெட்டுறும். எனவே, இழையை அறுக்கும் ஆற்றல் இழையினுள்ளேயே பொதிந்துள்ளது. ஆயினும், தாக்கும் ஒட்சிசன், பொசுபரசு, விலகும் ஒட்சிசன் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைந்தாலன்றி அது எளிதிற் செயற்படாது. ஒழுங்கான இரட்டைச் சுருளில் இந்நிலை வாய்ப்பதரிது. மடிப்பும் நெகிழ்வுமே அதனை வாய்ப்பிக்கின்றன. மதுவத்தின் பினைலலனைன் இடமாற்று ஆர்.என்.ஏ.யை ஈய அயன் கண்டவிடமெல்லாம் வெட்டுவதில்லை. 17ஆம், 18ஆம் அலகுகளுக்கு இடையிலேயே சிறப்பாக வெட்டுகிறது. மடிந்த மூலக்கூறு அயனைப் பற்றும் இடம் அதற்கு அண்மையிலேயே உளதென 1983இல் வெளியான பளிங்காய்வு காட்டிற்று.

பழைய கோட்பாட்டைத் தகர்த்தவை வேறிரு ஆய்வுகள். 1982இல் தோமஸ் செக் குழுவினர், தெத்திராகைமினா என்னும் ஒருகல உயிரியின் ஆர்.என்.ஏ. தன் இடைத்துண்டைத் தானே வெட்டி நீக்குவதைக் கண்டனர். புரதக் கலப்பு உண்டோ என்ற ஐயத்தைப் போக்க, அவ்வுயிரியின் புரதம் தீண்டாத ஆர்.என்.ஏ.யைச் சோதனைக் குழாயில் ஆக்கியும் அதே விளைவைப் பெற்றனர். 1983இல் சிட்னி ஒல்ற்மன் குழுவினர், ஆர்.என்.ஏ.யும் புரதமும் சேர்ந்த ஒரு பற்றீரிய நொதியத்தில் வெட்டுவது ஆர்.என்.ஏ.யே என நிறுவினர். மகனீசிய அயனின் செறிவை உயர்த்தியபோது, புரதமின்றியே அது இயங்கியது. 1989இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

வரலாறு இத்துடன் முடியவில்லை. ஆர்.என்.ஏ. வினையூக்கிகள் யாவற்றுக்கும் உலோக அயனே வினைமையம் எனும் புதிய பொதுமையாக்கம் தோன்றியது. 1998இல், சுத்தியற்றலை வகை உட்பட்ட சில சிறு வினையூக்கிகள், இலிதியம் போன்ற ஓரேற்ற அயன்கள் மிகு செறிவில் உள்ளபோது ஈரேற்ற உலோகமின்றியும் இயங்குவது வெளிப்பட்டது. எதிரேற்றங்களின் விலக்கத்தைத் தணித்து மடிப்பை நிலைநிறுத்துதல் ஒன்று, வினையில் நேரடியாகப் பங்குகொள்ளுதல் மற்றொன்று. அயனின் இவ்விரு பணிகளும் வேறுவேறு என்பது இதனால் தெளிவாயிற்று.

அகநிலைமையும் புறநிலைமையும் ஒன்றையொன்று ஊடறுத்து இயங்குவதை இயங்கியல் வலியுறுத்தும். அதனைச் சூத்திரமாக ஒப்புவித்தல் போதாது. எந்த மூலக்கூறில், எந்த அயன், எப்பணியைச் செய்கிறது எனத் தனித்தனியே ஆராய்தலே அறிவியல். கோட்பாடுகளை வழிபடுவோர், அவர் எம்முகாமினராயினும், இதனை மனங்கொள்ளல் வேண்டும்.