எலவனாசூர்கோட்டை – கல்வராயன் மலை சைக்கிள் வழி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டை–சேலம் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள எலவனாசூர்கோட்டையிலிருந்து மேற்கே கல்வராயன் மலைக்குச் செல்லும் சாலைவழி. சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட அர்த்தநாரீசுவரர் கோயில் எலவனாசூர்கோட்டையில் உள்ளது. நெடுஞ்சாலையில் பேருந்தும் லாரியும் விரைவதால் சைக்கிளுக்கு ஊர்ச்சாலைகளே உகந்தவை; தியாகதுருகம் மலைக்கோட்டையைக் கண்டபின் கள்ளக்குறிச்சியை அடையலாம்.

வழியின் உயிர்ப்பான பகுதி, கள்ளக்குறிச்சியைத் தாண்டிவரும் கச்சிராயப்பாளையத்துக்குப் பின் தொடங்குகிறது. கரும்பு, நெல், மரவள்ளி வயல்கள் முடிந்து கோமுகி அணை வருகிறது. அங்கிருந்து மலைமேல் உள்ள வெள்ளிமலை ஊருக்குக் கொண்டையூசி வளைவுகளில் ஏற்றம். கியர் இல்லாத சைக்கிளில் பல இடங்களில் இறங்கித் தள்ளவேண்டும். அதில் குறையேதுமில்லை, காட்டைப் பார்க்க அந்த வேகமே நல்லது. மேலே, மேடும் பள்ளமுமாக, மலையாளி பழங்குடியினரின் ஊர்களூடே பாதை செல்கிறது. இறக்கத்தில் இரண்டு பிரேக்குகளும் சீராக இருப்பது கட்டாயம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். அது கரும்பு அரவைப் பருவமும் ஆதலால் பாரம் ஏற்றிய டிராக்டர்களுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டும்.