தடம்புரட்டியின் கதை

ஓடும் வண்டி தடம்புரண்டால் அது விபத்து. ஆனால் தடம்புரட்டுவதையே தொழிலாகக் கொண்ட கருவி ஒன்று உண்டு. பந்தய சைக்கிளின் பின்சக்கரத்தருகே தொங்கும் அதற்கு ‘டீரெய்லர்’ என்று பெயர். தடம்புரளுதலைக் குறிக்கும் பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ஒரு பல்சக்கரத்திலிருந்து செயினைத் தள்ளி அடுத்ததில் ஏற்றிவிடுவது அதன் பணி. முதல் பந்தய சைக்கிளுக்கென விலை குறைந்த டீரெய்லரைத் தேடுகிறவரின் கையில் இருப்பது, நெடுங்காலம் நடந்த ஒரு வழக்கின் தீர்ப்பு எனலாம்.

வழக்கு பிரான்சில் தொடங்கியது. செந்த்-எத்தியேன் நகரில் பட்டு வணிகராக இருந்த பால் தெ விவி (1853–1930), ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரில், தாம் நடத்திய இதழில் பல கியர்கள் கொண்ட வண்டிக்காக ஓயாது வாதாடினார். எதிரணியில் நின்றவர் ஆன்றி தெக்ரான்ஜ். 1903இல் ‘டூர் தெ பிரான்ஸ்’ பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகை ஆசிரியர். கியர் மாற்றுவது நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியது, தசைவலியால் வெல்வதே வெற்றி என்பது 1902இல் அவர் எழுதியதன் சாரம். பந்தயத்தை அவர் நடத்தியவரை இக்கருவிக்குத் தடை இருந்தது. மலையடிவாரத்தில் வீரர்கள் வண்டியை நிறுத்திப் பின்சக்கரத்தைக் கழற்றினார்கள். மறுபுறத்துப் பெரிய பல்சக்கரம் செயினில் பொருந்தும்படி திருப்பி மாட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். உடல்நலம் குன்றி அவர் 1936இல் பொறுப்பை விட்டார். மறு ஆண்டே தடை நீங்கியது. 1937இல் பட்டம் வென்ற ரொஜே லப்பேபியின் வண்டியில் டீரெய்லர் இருந்தது.

அனுமதி கிடைத்தது, கருவி செம்மையுறவில்லை. 1950ஐ ஒட்டி இத்தாலியின் கம்பனோலோ நிறுவனம் கொண்டுவந்த ‘கிரான் ஸ்போர்ட்’, இணைகர வடிவில் அசையும் டீரெய்லரைப் பந்தய உலகில் நிலைநிறுத்தியது. அதிலும் ஒரு குறை இருந்தது. பின்பற்கள் கூம்புபோல் அடுக்கப்பட்டவை. கருவியோ கிடைமட்டமாக நகர்ந்தது. சிறிய பல்லை நெருங்க நெருங்க இடைவெளி அகன்று, கியர் விழுவது தடுமாறியது.

இதைத் தீர்த்தது ஜப்பானின் சன்டூர். 1964இல் அதன் பொறியாளர் நொபுவோ ஒசாகி இணைகரத்தைச் சாய்த்துவைத்தார். கருவி கூம்பின் சரிவையொட்டியே நகர்ந்தது. இடைவெளி ஏறக்குறைய மாறாதிருந்தது. காப்புரிமை 1984இல் முடிந்தது. 1921 முதல் சகாய் நகரில் இயங்கிவரும் ஷிமானோ, அச்சாய்வையும் ‘டக்’கென்று ஒவ்வொரு கியராக விழும் முறையையும் இணைத்துச் சந்தையை வென்றது. வழிகண்ட சன்டூரோ 1990களின் நடுப்பகுதிக்குள் டீரெய்லர் உலகிலிருந்து மறைந்தது. அதன் பெயரின் ஒரு பகுதி இன்று முன்ஃபோர்க்குகளில் எஞ்சியிருக்கிறது.

இவ்வரலாறு வாங்குவோருக்கு என்ன சொல்கிறது? சாய்ந்த இணைகரம் இன்று பொதுச்சொத்து. பெரும்பாலான மலிவுக் கருவிகளிலும் அது உண்டு. கூடுதல் விலை பெரும்பாலும் எடைக்குறைவுக்கும் உராய்வு குறைந்த மூட்டுகளுக்கும் உரியது. ஆகவே விலைக்கு முன் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும். முன்பற்கள் 50, 34. பின்பற்கள் 11 முதல் 32 வரை என்று கொள்வோம். முன் வேறுபாடு 16, பின் வேறுபாடு 21, கூட்டினால் 37. அத்தனை பல் அளவுக்குத் தளரும் செயினைச் சுருட்டிக்கொள்ளும் நீண்ட கை டீரெய்லருக்கு வேண்டும். 32 பல்லைத் தாங்கும் உச்சவரம்பும் வேண்டும். அடுத்தது, ஷிஃப்டர் இழுக்கும் கேபிளின் அளவு. ஷிமானோவின் 7, 8, 9 வேக ரோடு கருவிகள், சில பழைய மாதிரிகள் நீங்கலாக, ஒரே அளவைப் பின்பற்றுபவை. 8 வேக ஷிஃப்டரோடு 9 வேக டீரெய்லர் இணங்கிப்போகும். வேறு நிறுவனத்தின் கருவியை மாட்டினால் இந்த இணக்கம் பெரும்பாலும் குலையும்.

கியர் வைப்பதே வீரத்துக்கு இழுக்கு என்றது அன்றைய செருக்கு. மலிவான கியர் கௌரவத்துக்கு இழுக்கு என்கிறது இன்றைய செருக்கு. முன்னதை மலைப்பாதைகளே தோற்கடித்தன. பின்னதற்கும் அவற்றிடமே விடை இருக்கிறது: ஏற்றத்தில் செயின் சரியான பல்லில் விழுந்துவிட்டால், கருவியின் விலை என்ன என்று மலை கேட்பதில்லை.